பந்தயத் தடத்தில் டயரின் சூட்டைப் பார்த்துக் காற்றை அமைப்பது எப்படி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம், வாளையார் என்று கேரள எல்லையை ஒட்டி வாழும் தமிழர்களில் கார் ஓட்டுவதை நேசிக்கும் பலருக்கு, கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேதான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பந்தயத் தடம். சொந்தக் காரை அங்கே ஓட்டிப் பார்க்கப் போகிறவர்கள் எஞ்சின் ஆயிலை மாற்றுகிறார்கள், பிரேக் பேடைச் சோதிக்கிறார்கள், நல்ல ஹெல்மெட்டாகத் தேடி வாங்குகிறார்கள். ஆனால் டயர்க் காற்றை மட்டும், போகிற வழியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தி, “அண்ணா, ரெண்டு பாயிண்ட் சேர்த்து வைங்க” என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் எஞ்சினும் செய்கிற வேலை எல்லாம் கடைசியில் அந்த நான்கு டயர்கள் வழியாகத்தான் தடத்தைச் சென்றடைகிறது. அந்த டயர் சரியாகத் தரையில் படிந்து ஓடுகிறதா என்பதை அறிய, அதன் குறுக்கே மூன்று இடங்களில் சூட்டை அளப்பதைப் போல மலிவான, நம்பகமான வழி வேறு இல்லை. அதை முறையாகச் செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்றின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். மூடிய டயருக்குள் இருக்கும் காற்று சூடாக ஆக அதன் அழுத்தம் ஏறும். ஏறும் அளவைக் கணக்கிட, காற்றழுத்தமானி (கேஜ்) காட்டும் எண்ணோடு வெளிக்காற்றின் அழுத்தமான சுமார் 14.7 பிஎஸ்ஐயைக் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) கூட்டிக்கொள்ள வேண்டும். வெப்பநிலையோடு 273ஐக் கூட்டி கெல்வினாக்கிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறி இறங்கும். 27 டிகிரி செல்சியஸில் 32 பிஎஸ்ஐ வைத்த டயரின் உள்காற்று 78 டிகிரியை எட்டினால், கேஜ் ஏறக்குறைய 40 பிஎஸ்ஐ காட்டும். சுருக்கமாக மனத்தில் வைத்துக்கொள்ள, உள்காற்றின் சூடு 6 முதல் 7 டிகிரி ஏறினால் அழுத்தம் 1 பிஎஸ்ஐ ஏறும் என்று கொள்ளலாம். கம்ப்ரஸர் காற்றில் ஈரம் இருந்தால் ஏற்றம் இதைவிடக் கூடுதலாகவும், நாளுக்கு நாள் மாறுபடுவதாகவும் இருக்கும். நைட்ரஜன் நிரப்புவதில் உள்ள உண்மையான பயன், அது உலர்ந்த வாயு என்பதால் ஏற்றத்தை முன்கூட்டியே கணிக்க முடிவதுதான். தடத்துக்கு வருகிறவர்களுக்கு அந்த ஒரு பயனே போதுமான காரணம் என்பது என் கருத்து.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. தடத்தில் நாம் நாட வேண்டியது சூடான டயரின் அழுத்தத்தையே. காலையில் குளிர்ந்த டயரில் வைக்கும் அளவு அந்த இலக்கைச் சென்றடைவதற்கான தொடக்கப் புள்ளி மட்டுமே. ஆனாலும் அந்தத் தொடக்கப் புள்ளி உண்மையாகக் குளிர்ந்த அளவாக இருக்க வேண்டும். வேலந்தாவளம் வழியாகவோ வாளையார் வழியாகவோ ஒரு மணி நேரம் ஓட்டி வந்த டயர் குளிர்ந்த டயர் ஆகாது. தடத்தை அடைந்ததும் காரை நிழலில் நிறுத்தி, குறைந்தது ஒன்றரை மணி நேரம் விட்ட பிறகே அளக்க வேண்டும். நிழல் இல்லையென்றால் வெயில் படும் பக்கத்து டயர்களை ஒரு துணியாலோ அட்டையாலோ மூட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்க டயர்கள் மட்டும் 1 பிஎஸ்ஐ, சில நேரம் அதற்கும் மேல், கூட்டிக் காட்டும், நாமும் அறியாமல் அந்தப் பக்கத்தில் காற்றை இறக்கிவிடுவோம். எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இன்னொரு நுட்பமும் உண்டு. பாலக்காடு நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 80 மீட்டர் உயரத்திலும் கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால், பாலக்காட்டில் வைத்த அதே காற்று கோவையில் ஏறக்குறைய அரை பிஎஸ்ஐ கூடுதலாகத் தெரியும். அரை பிஎஸ்ஐ சிறிய அளவுதான். ஆனால் பின்னால் நாம் சரிசெய்யப் போகும் அளவுகளும் அதே அளவில்தான் இருக்கும் என்பதால், வீட்டில் வைத்த காற்றை நம்பாமல் தடத்திலேயே அளந்து வைப்பது நல்லது.

கருவிகள் அதிகம் தேவையில்லை. அரை பிஎஸ்ஐ வரை தெளிவாகக் காட்டும் ஒரு கேஜ் வேண்டும். அதில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற்றும் பொத்தான் இருந்தால் மிகவும் வசதி. அந்த ஒரே கேஜையே எப்போதும் பயன்படுத்த வேண்டும். இரண்டு கேஜ்கள் தமக்குள் 1 பிஎஸ்ஐ வேறுபடுவது சாதாரணம். நண்பரின் கேஜில் அளந்த எண்ணை நம் நோட்டில் எழுதினால் அந்த நோட்டே பயனற்றுப் போகும். சூட்டை அளக்க, நுனியில் மெல்லிய ஊசி உள்ள பைரோமீட்டர் என்ற வெப்பமானி வேண்டும். துப்பாக்கி போலக் காட்டி அழுத்தும் இன்ஃப்ராரெட் வெப்பமானி விலை குறைவு, கையாள எளிது, ஆனால் அது ரப்பரின் மேல்தோலை மட்டுமே அளக்கிறது. தண்ணீர் தெளித்ததும் தோசைக்கல்லின் மேற்பரப்பு ஒரு நொடியில் அடங்கினாலும் கல்லுக்குள் சூடு நிற்பதைப் போல, டயரின் மேல்தோல் நேர்ப்பாதையின் காற்றிலும், தடத்திலிருந்து விலகி வந்து நிற்பதற்கான பிட் பாதையின் மெதுவான ஓட்டத்திலும் உடனே குளிர்ந்துவிடுகிறது; உள்ளே இருக்கும் ரப்பர்தான் வளைவில் பட்ட பாட்டை நினைவில் வைத்திருக்கிறது. ஊசி அந்த உள்சூட்டைப் படிக்கிறது. இன்ஃப்ராரெட் மட்டுமே கையில் இருக்கிறது என்றால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் மொத்தச் சூடு எவ்வளவு என்று தீர்ப்புச் சொல்ல அதை நம்பாமல், ஒரே டயரின் மூன்று இடங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு ஒரு நோட்டு, பேனா, ஒரு சாக்பீஸ், சக்கரத்துக்கு அடைகொடுக்க இரண்டு மரக்கட்டைகள். இவ்வளவுதான்.

ஓட்டும் முறைக்கு வருவோம். கரி தடத்தின் நீளம் 2.1 கிலோமீட்டர். முதல் ஒன்றிரண்டு சுற்றுகள் டயரும் பிரேக்கும் சூடேறுவதற்கு. அதன் பிறகு நான்கைந்து சுற்றுகளை ஒரே சீரான வேகத்தில் ஓட்ட வேண்டும். ஒரு சுற்றில் சறுக்கி, அடுத்த சுற்றில் அடக்கி ஓட்டினால் டயர் சொல்லும் செய்தி கலங்கிப்போகும். புதிதாக ஓட்டுகிறவர்கள், தங்கள் சுற்று நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும் வரை காற்றைத் திருத்தும் வேலையை ஒத்திவைப்பதே நல்லது. வழக்கமாக ஓட்டம் முடிந்ததும் பிரேக்கைக் குளிரவைக்க ஒரு சுற்று மெதுவாக ஓட்டுவார்கள். சூட்டை அளக்கும் ஓட்டத்தில் அப்படிச் செய்தால் அளப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. ஆகவே வேகமான சுற்றை முடித்த கையோடு, பிட் பாதையின் வேக வரம்பை மதித்து, கடைசி நேரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் உள்ளே வர வேண்டும். நின்றதும் கைபிரேக்கைப் போடக்கூடாது; கொதிக்கும் பிரேக் அப்படியே பிடித்துக்கொள்ளும். நியூட்ரலுக்கு மாற்றி, சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகே துணையாள் காரின் பக்கத்தில் குனிய வேண்டும். அளந்து முடித்த பிறகு, பிரேக் குளிர்வதற்காகத் தனியாக மெதுவாக ஒரு சுற்று போய் வரலாம்.

அளக்கும் வேலையில் வேகமும் ஒழுங்கும் இரண்டுமே முக்கியம். வளைவுகளில் அதிகம் சுமக்கும் டயரை முதலில் அளக்க வேண்டும். வலப்பக்க வளைவுகள் மிகுந்த தடத்தில் அது முன் இடது டயர். அதன் பிறகு எந்த வரிசையில் காரைச் சுற்றி வந்தாலும், ஒவ்வொரு முறையும் அதே வரிசையில்தான் வர வேண்டும். அப்போதுதான் கடைசியாக அளக்கும் டயர் எப்போதும் ஒரே அளவு குளிர்ந்திருக்கும், முன்னதோடு ஒப்பிட முடியும். ஒவ்வொரு டயரிலும் வெளிவிளிம்பிலிருந்து சுமார் 25 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓர் இடம், நட்டநடுவில் ஓர் இடம், உள்விளிம்பிலிருந்து அதே 25 மில்லிமீட்டர் தள்ளி ஓர் இடம் என மூன்று இடங்கள். ஊசியை ரப்பர்க் கட்டியில் சற்றுச் சாய்வாக, இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். பள்ளத்தில் வைக்கக்கூடாது, தேய்ந்த டயரில் ஆழமாகக் குத்தவும் கூடாது. நன்றாகச் சூடேறிய டயரில் ஊசி வெண்ணெயைத் தொட்டது போல் இறங்கும், எடுக்கும்போது ரப்பர் லேசாகப் பிடித்திழுக்கும். திரையில் எண் முதலில் வேகமாக ஏறி, பிறகு தயங்கி, ஓரிடத்தில் நிற்கும்; அது நின்ற பிறகே எழுத வேண்டும். முதல் டயரின் முதல் அளவில் ஊசியே குளிர்ந்திருப்பதால் எண் நிற்க நேரமாகும், அந்த இடத்தைக் கடைசியில் ஒருமுறை மறுபடி தொட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். ஒருவர் அளந்து சொல்ல, இன்னொருவர் எழுதினால் பன்னிரண்டு எண்களையும் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் எடுத்துவிடலாம். சூடு விரைவாக ஆறுவதால் அதை முதலில் எடுத்து, உடனே அதே வரிசையில் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தையும் அளக்க வேண்டும். அழுத்தத்துக்குத் தாமதிக்கலாம் என்று எண்ண வேண்டாம். நின்ற காரில் பிரேக்கின் சூடு ரிம் வழியாக உள்ளே ஏறி எண்ணை மாற்றிவிடும்.

இப்போது எண்களைப் படிப்போம். காற்று அளவுக்கு மிஞ்சினால் டயரின் நடுப்பகுதி புடைத்துத் தரையை அழுத்தும். ஆகவே நடுச்சூடு இரு விளிம்புகளின் சராசரியைவிடக் கூடும். காற்று போதாவிட்டால் விளிம்புகள் சுமையைத் தாங்கிச் சூடேற, நடு குளிர்ந்திருக்கும். நடுவைக் காற்றுக்கும், உள்விளிம்பு வெளிவிளிம்பு வேறுபாட்டைக் கேம்பருக்கும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) சாட்சியாக வைத்துக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் தடங்களில் மிகவும் பரவலாகக் காணப்படும் தவறு. சக்கரம் மேற்புறம் உள்ளே சாய்ந்த நெகட்டிவ் கேம்பர் உள்ள காரில், நேர்ப்பாதையில் உள்விளிம்பு அதிகம் உழைப்பதால், அது வெளிவிளிம்பைவிட 5 முதல் 8 டிகிரி வரை சூடாக இருப்பது இயல்பு, விரும்பத்தக்கதும்கூட. அதைவிட மிகுந்தால் கேம்பர் அதிகம், அல்லது டோ அளவு (மேலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) பிசகியிருக்கலாம். வெளிவிளிம்பு சூடாக இருந்தால் கேம்பர் போதவில்லை, அல்லது காற்று குறைந்து டயர் பக்கவாட்டில் மடிந்து ஓடுகிறது.

முன்சக்கரங்கள் இழுக்கும் ஒரு சாதாரண ஹேட்ச்பேக்கை எடுத்துக்காட்டாகக் கொண்டு எண்களோடு பார்க்கலாம். முன் இடது டயரில் குளிர்ந்த நிலையில் 32 பிஎஸ்ஐ வைத்து ஓடி வந்ததும் கேஜ் 40 காட்டுகிறது; சூடு வெளிவிளிம்பில் 86, நடுவில் 92, உள்விளிம்பில் 84. விளிம்புகளின் சராசரி 85, நடு அதைவிட 7 டிகிரி கூடுதல். காற்று மிகுதி என்பதில் ஐயம் இல்லை. சூடாக இருக்கும்போதே 38க்கு இறக்கி, அதே அளவு சுற்றுகள் ஓடி வந்தால் 87, 89, 85 என்று வருகிறது. நடுவின் மிகுதி 3 டிகிரியாகக் குறைந்துள்ளது. இன்னும் ஒன்று இறக்கி, சூடான அழுத்தம் 37 ஆனதும் 89, 88, 86. நடு ஏறக்குறைய சராசரியோடு சேர்ந்துவிட்டது. இங்கே நிறுத்தாமல் 36க்குப் போனால் 93, 88, 86 என்று வெளிவிளிம்பு திடீரெனத் தாவுகிறது. சுற்று நேரமும் கூடுகிறது. டயர் மடியத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளம் இது. ஆகவே 37க்குத் திரும்ப வேண்டும். முதல் திருத்தத்தில் 2 பிஎஸ்ஐ இறக்கினோம், இலக்கை நெருங்கியதும் ஒன்றாகக் குறைத்தோம், அதற்குப் பிறகு அரை அரையாகவே மாற்ற வேண்டும் என்பதைக் கவனிக்க. சூடான நிலையில் இறக்கிய 3 பிஎஸ்ஐ, குளிர்ந்த நிலையில் சுமார் இரண்டரை பிஎஸ்ஐக்குச் சமம். அதாவது 27 டிகிரி காலை ஒன்றில் அடுத்த முறை 29.5 வைத்துத் தொடங்கினால் 37க்கு வந்து சேரலாம்.

மடிகிறதா என்பதைக் கண்ணாலும் உறுதிசெய்துகொள்ளலாம். பெரும்பாலான டயர்களில் தரைப்பகுதி முடிந்து பக்கச்சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு சிறிய முக்கோணக் குறி இருக்கும். ஓடுவதற்கு முன் அந்தக் குறியின் மேல் சாக்பீஸால் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு இழுத்துவிட்டு, வந்ததும் எதுவரை அழிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். முக்கோணத்தின் நுனி வரை அழிந்திருந்தால் நன்று. அதைத் தாண்டி அழிந்திருந்தால் காற்று குறைவு அல்லது கேம்பர் போதாது. நுனியை எட்டவே இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்க இடமிருக்கிறது.

மேலே உள்ள எடுத்துக்காட்டில் நடுவும் சராசரியும் சேர்ந்த பிறகும் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட 3 டிகிரி சூடாகவே இருந்தது. அது காற்றின் குறை அன்று, கேம்பரின் குறை. சாலைக் கார்களின் முன் சஸ்பென்ஷனில் கேம்பரைப் பெரிதாக மாற்ற வழியில்லாததால், பலர் காற்றைக் கூட்டி வெளிவிளிம்பை நிமிர்த்தி ஓட்டுகிறார்கள். அது டயரின் தோளைக் காப்பாற்றும் ஒரு சமரசம் என்ற அளவில் ஏற்கத்தக்கது. ஆனால் சமரசம் என்று தெரிந்தே செய்ய வேண்டும், நடுப்பகுதியின் பிடியை விலையாகக் கொடுக்கிறோம் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

நடுவையும் விளிம்பையும் ஒப்பிடும் இந்த முறை, இழைகள் குறுக்காகப் பின்னிய பழைய பயஸ் டயர்களில் மிகத் தெளிவாக வேலை செய்யும். இன்றைய கார்களில் உள்ள ரேடியல் டயரில் தரைப்பகுதிக்கு அடியில் உள்ள எஃகுப் பட்டை அதைத் தட்டையாகப் பிடித்து வைத்திருப்பதால், காற்றை மாற்றினாலும் நடுச்சூடு அவ்வளவு எளிதில் அசைந்துகொடுப்பதில்லை. ஆகவே ரேடியலில் 2 டிகிரி வேறுபாட்டைப் பார்த்து அலைபாய வேண்டாம். சூட்டின் வடிவம் ஏறக்குறைய சீராகிவிட்டால், அதற்கு மேல் நேரக்கடிகாரத்தின் சொல்லையே கேட்க வேண்டும்: அரை பிஎஸ்ஐ கூட்டிச் சில சுற்றுகள், குறைத்துச் சில சுற்றுகள், எதில் வேகமாகவும் நிலையாகவும் ஓடுகிறது என்பதே தீர்ப்பு. மூன்று எண்களும் அழகாக ஒத்துவந்து சுற்று நேரம் மட்டும் கூடினால், தவறு நேரத்தில் இருக்க முடியாது.

ஒவ்வொரு டயரின் மூன்று எண்களுக்கும் சராசரி எடுத்து நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரின் சமநிலை தெரியும். முன் டயர்கள் பின் டயர்களைவிட மிகவும் சூடானால், கார் வளைவில் திரும்ப மறுத்து வெளியே தள்ளுகிறது என்று பொருள். பின் டயர்கள் மிஞ்சினால் பின்புறம் வழுக்குகிறது. ஆனால் முன்சக்கர இழுவைக் காரில் திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவது மூன்றும் முன் டயர்களின் வேலை என்பதால், முன்புறம் கொஞ்சம் சூடாகவே இருக்கும். நான்கையும் சமமாக்க முயன்று காலத்தை வீணாக்க வேண்டாம். சாலையிலும் ஓடும் நல்ல டயர்களுக்குச் சுமார் 70 முதல் 90 டிகிரி வரையான உள்சூடு வசதியான எல்லை. அதைத் தாண்டிப் போனால் ரப்பர் வழவழப்பாகி, நீலம் பாய்ந்தது போல் மின்னி, பிடியை விட்டுவிடும். அப்படிப்பட்ட டயரைக் காற்றைத் திருத்திச் சரிப்படுத்த முயல்வதைவிட, சில சுற்றுகள் குறைத்து ஓட்டுவதே நல்லது.

செட்டிபாளையத்துக்கே உரிய ஒரு காரணியையும் சொல்ல வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து கோவைச் சமவெளியில் வீசுகிறது. அந்த மாதங்களில் மேகம் மூடினால் தடம் சட்டென்று குளிர்கிறது, வெயில் விழுந்தால் மீண்டும் சுடுகிறது. மார்ச், ஏப்ரலில் நண்பகலில் தார் கொதிக்கிறது. வெளிச்சூடு 10 டிகிரி மாறினால் டயரின் அழுத்தம் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ மாறும் என்பதால், காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்த காற்று பதினொரு மணிக்கு மிகுதியாகிவிடும். நண்பகலில் இறக்கிய காற்று மாலையில் போதாமல் போகும். ஆகவே ஒவ்வொரு அளவோடும் நேரம், காற்றின் சூடு, தரையின் சூடு, வெயிலா மேகமா என்பது எழுதப்பட்டிருக்க வேண்டும். தரைச்சூட்டை அளக்க அந்த இன்ஃப்ராரெட் துப்பாக்கி நன்றாகவே உதவும். மழையில் டயர் சூடேறாது, அழுத்தமும் ஏறாது. வெயில் நாளின் குளிர்ந்த அளவை வைத்து ஓடினால் காற்று குறைந்தே இருக்கும், தண்ணீரின் மேல் டயர் மிதக்கும் அபாயமும் கூடும். எனவே மழை நாளில் கூடுதலாக வைத்தே தொடங்க வேண்டும். சென்னைக்கு அருகே உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடம் சுமார் 3.7 கிலோமீட்டர், அங்கே போகும்போது கரியில் கண்ட எண்களைத் தொடக்கமாக மட்டும் கொண்டு, எல்லாவற்றையும் புதிதாக அளக்க வேண்டும்.

எவ்வளவு ஆசை இருந்தாலும், டயர் நிறுவனம் தடத்துக்கென்று குறித்திருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே இறங்கக்கூடாது. காற்று குறைந்த டயர் வேகமாக மடிந்து நிமிரும்போது பக்கச்சுவர் உள்ளேயே சூடாகிச் சிதையும். அந்தச் சேதம் வெளியே தெரியாது, ஓங்கி வளையும் நேரத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழலவும் கூடும்.

நாள் முடிந்ததும், சூடான நிலையில் காற்று இறக்கிய டயரோடு நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது. 37இல் சரியாக இருந்த டயர் இரவில் ஆறியதும் 29க்கு வந்து நிற்கும்; குடும்பத்தோடும் சுமையோடும் வாளையார் வழியாக ஓடுவதற்கு அது போதாது. ஆகவே தடத்தை விட்டுக் கிளம்பும் முன் காரின் கதவோரத்தில் எழுதியிருக்கும் அளவைவிட 4 பிஎஸ்ஐ கூட்டி நிரப்பி, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் அந்த அளவுக்குச் சரியாக இறக்கிக்கொள்ள வேண்டும். வால்வு மூடிகள் நான்கும் திரும்ப மாட்டப்பட்டிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். உள்ளே ரப்பர் வளையம் உள்ள உலோக மூடி, வேகத்தில் வால்வு ஊசி அசைந்து காற்று கசிந்தாலும் அதைப் பிடித்து நிறுத்தும்.